அலாரம்: ஒரு சொல்லின் சரித்திரம்

பிறமொழியிலிருந்து வந்து நம்மிடையே குடியேறிய சொற்களுட் சில, தமது பூர்வீகத்தை மறைத்துக்கொண்டு மிகவும் சாதுவாக வாழ்கின்றன. ‘அலாரம்’ அத்தகையது. படுக்கையருகே வைக்கும் மணிக்கூட்டின் ஓசை என்ற அளவிலேயே அதனை நாம் அறிந்திருக்கிறோம். பரீட்சைக்குப் படிக்கும் மாணவன் நான்கு மணிக்கு அதனை வைத்துவிட்டு உறங்குகிறான்; விடிந்ததும் அதனைச் சபித்துக்கொண்டு எழுகிறான். அவ்வளவே அதற்கும் நமக்குமுள்ள உறவு. ஆங்கிலத்திலோ அச்சொல்லுக்குப் பொருள் இரண்டு. ஆபத்தை அறிவிக்கும் எச்சரிக்கை ஒன்று. அவ்வறிவிப்பைக் கேட்ட மனத்திலே எழும் திடுக்கமும் அச்சமும் மற்றொன்று. எச்சரிக்கை ஒருவர் செய்வது; அச்சம் ஒருவருக்கு நேர்வது. செய்வதும் நேர்வதும் ஒரே சொல்லில் எங்ஙனம் ஒட்டிக்கொண்டன? அகராதி இதற்கு ஓரிரு வரிகளில் விடை கூறிவிடும். ஆனால் அவ்விரு வரிகளுக்கும் இடையே ஐரோப்பிய மக்களின் ஐந்நூறு ஆண்டுச் சரித்திரம் மறைந்து கிடக்கின்றது. அதனையே இங்கு நோக்க விரும்புகிறோம்.

இச்சொல்லின் பிறப்பிடம் இத்தாலி. ‘அல்லார்மே’ என்பது அங்கே போர்வீரரை நோக்கி எழுப்பப்பட்ட கூக்குரல். ‘ஆயுதங்களை எடுங்கள்’ என்பதே அதன் பொருள். பெயருமன்று, வினையுமன்று, வெறும் கூவல். பகைவர் மதிலை நெருங்கிவிட்டனர், உறங்குவோர் எழவேண்டும் என்ற நெருக்கடியிலே பிறந்த இரண்டு சொற்கள் ஓடும் ஓட்டத்தில் ஒன்றாயின. பதினான்காம் நூற்றாண்டிலே பிரெஞ்சு மொழி அதனை ‘அலார்ம்’ என ஏற்றது. அதே நூற்றாண்டிலே ஆங்கிலமும் பெற்றுக்கொண்டது. ஆங்கிலேயர் நாவிலே ‘ர’கரம் உருண்டு ‘அலாரம்’ என ஓசை நீண்டது. ஷேக்ஸ்பியரின் நாடகங்களிலே போர்க்களக் காட்சிகளுக்கு எழுதப்பட்ட மேடைக் குறிப்புக்களில் இந்நீண்ட வடிவத்தையே காண்கிறோம். திரைக்குப் பின்னால் முரசறைந்து எக்காளம் ஊதவேண்டும் என்பதற்கான குறிப்பு அது. ஜேர்மானியரிடம் சென்றபோது இச்சொல்லின் தலை உதிர்ந்தது. ‘லேர்ம்’ என்றாகி, இன்று வெறும் இரைச்சல் என்று மாத்திரமே அங்கே பொருள்படுகிறது. ஆயுதம் போய் ஓசை எஞ்சியது!

இன்னும் ஒருபடி பின்னே சென்றால் ‘ஆர்மா’ என்னும் இலத்தீன் சொல்லை அடைகிறோம். படைக்கலத்தை மட்டுமன்றித் தொழிற்கருவியையும் அது குறித்தது. உரோமக் கவிஞர் வேர்ஜில், உழவனின் கலப்பை முதலிய கருவிகளை இச்சொல்லாலேயே சுட்டினார். நம் மொழியிலும் இவ்வுறவு உண்டு என்பது அவதானிக்கத்தக்கது. போர்க்கருவிக்கும் சேனைக்கும் பெயரான ‘படை’, கலப்பைக்கும் பெயராயிற்று. உழுத நிலத்திலே விழும் கோட்டினைப் ‘படைச்சால்’ என்கிறோம். உழைப்பவன் கையிலுள்ள கருவியே வேண்டியபோது ஆயுதமும் ஆயிற்று என்பதனை மொழி மறப்பதில்லை.

ஆயுதமெடுக்க அழைத்த சொல், பின்னர் அவ்வழைப்பை ஏற்படுத்தும் மணியின் அல்லது முரசின் பெயராயிற்று. அதன் பின்னர் அம்மணியோசை கேட்டோர் உள்ளத்திலெழும் கலக்கத்தின் பெயராயிற்று. பதினேழாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குள், ஒருவரைத் திடீரென அச்சுறுத்துதலையே இவ்வினைச்சொல்லால் ஆங்கிலேயர் குறிக்கத் தொடங்கிவிட்டனர். மொழிநூலார் இதனைப் பொருட்பெயர்ச்சி என்று கூறி அமைவர். நாம் அவ்வாறு அமைந்துவிட முடியாது. மணியோசை கேட்டு ஒருவன் ஆயுதத்தை எடுக்கிறான். அதே ஓசை கேட்டு இன்னொருவன் நடுங்குகிறான். இவ்விருவரும் எக்காலத்திலும் ஒரே வர்க்கத்தினராய் இருந்தனரா? மணியின் கயிறு யார் கையிலிருந்தது என்பதைப் பொறுத்தே அச்சொல் ஒவ்வொரு காலத்திலும் இன்னாருக்கு அழைப்பாகவும் இன்னாருக்கு அச்சமாகவும் அமைந்தது என்பது எமது கருத்து.

பதினான்காம் நூற்றாண்டின் வடபிரான்சிலும் பிளாண்டர்சிலும் நெசவுத்தொழில் செழித்த நகரங்களைப் பார்ப்போம். அதுவரை தேவாலய மணி தொழுகைக்கு அழைத்தது. நகரமண்டப மணி தீயையும் பகையையும் அறிவித்தது. இப்பொழுது மூன்றாவது மணியொன்று தோன்றுகிறது. 1335ஆம் ஆண்டு அமியென் நகரத் தலைவர்கள் மன்னன் ஆறாம் பிலிப்பிடம் ஓர் அனுமதி பெற்றார்கள். தொழிலாளர் காலையில் எப்போது வேலைக்குச் செல்லவேண்டும், எப்போது உண்ணவேண்டும், உண்டபின் எப்போது திரும்பவேண்டும், மாலையில் எப்போது கலையவேண்டும் என்பவற்றை விதிப்பதற்கும், மற்றைய மணிகளினின்றும் வேறுபட்ட ஒரு மணியை அதற்கென அடிப்பதற்குமான அனுமதி அது. தொழிலாளியின் நாளைத் துண்டுபோட்டு அளக்கும் ஓசை இவ்வாறு பிறந்தது.

ஆனால் மணியென்பது விசித்திரமான பொருள். முதலாளிக்காகத் தொங்கவிடப்பட்டதேயாயினும், கயிற்றைப் பிடித்திழுப்பவன் யாராயினும் அவனுக்காக அது ஒலிக்கும். இதனைக் கொமின் நகர அதிகாரிகள் நன்குணர்ந்திருந்தனர். 1361இல் அவர்கள் விதித்த சட்டப்படி, மணியடித்தபின் வரும் நெசவாளிக்கு ஐந்து சூ தண்டம். தொழிலாளர் அதே மணியைக் கைப்பற்றி மக்களைக் கூட்டுவதற்கு அடித்தாலோ அறுபது பவுண் தண்டம். மன்னனுக்கோ நகரத்தாருக்கோ மணிக்குப் பொறுப்பான அதிகாரிக்கோ எதிராகக் கிளர்ந்தெழுமாறு அடித்தால் மரணதண்டனை. ஒரே மணி, ஒரே ஓசை. ஒரு கை இழுத்தால் ஒழுங்கு, மறு கை இழுத்தால் தூக்குமரம். தெறுவான் என்னும் ஊரிலே 1367ஆம் ஆண்டு நிலைமை வேறு விதமாய் முடிந்தது. அங்கே தொழிலாளரின் எதிர்ப்புக்கு அஞ்சித் தேவாலயக் குருமார், வேலைமணியை என்றென்றைக்கும் ஒலிக்காது நிறுத்துவதாக வாக்களிக்க நேர்ந்தது.

இக்காலத்திலேதான் ‘அலாரம்’ ஆங்கில இலக்கியத்திலும் தலைகாட்டுகிறது. லாங்லண்ட் பாடிய ‘உழவன் பியர்ஸ்’ காவியத்தின் இறுதிப் பகுதியிலே, முதுமையும் நோயும் மரணமும் மனிதர்மீது படையெடுத்து வருகின்றன. அவ்வேளை, இன்பநுகர்ச்சியே வாழ்வெனக் கொண்ட பிரபு ஒருவன் அக்கூக்குரலை எழுப்புகிறான். அவரவர் தத்தம்மைக் காத்துக்கொள்ளட்டும் என்பது அவன் அறிவுரை. ஊரைக் காக்க ஊரைத் திரட்டவேண்டிய கூவல், பிரபுவின் வாயிலே ஊரைக் கைவிடும் கூவலாய் மாறியிருப்பது நகைப்புக்குரியது. அக்காவியத்தின் நாயகனாகிய உழவனின் பெயரை, 1381இல் ஆங்கிலக் குடியானவர்கள் கிளர்ந்தெழுந்தபோது, அவர்தம் போதகரான ஜோன் போல் பெயரில் உலாவிய கடிதங்களிலும் காண்கிறோம்.

சொல் பிறந்த இத்தாலிக்கே மீண்டும் வருவோம். 1378 ஜூலையிலே புளோரன்ஸ் நகரில் நிகழ்ந்ததைச் சற்று விரித்தே கூறவேண்டும். அந்நகரின் செல்வம் கம்பளித் துணியிலிருந்து வந்தது. அக்கம்பளியைக் கழுவியும் சிக்கெடுத்தும் வாரியும் உழைத்தோர் ‘சியோம்பி’ எனப்பட்டனர். தொழிற்சங்கம் அமைக்கும் உரிமை அவர்களுக்கில்லை. கம்பளி வணிகரின் சங்கமே அவர்களுக்கு வேலை கொடுத்தது, அதன் அதிகாரியே அவர்களை விசாரித்துத் தண்டித்தான். அவர்கள் எழுச்சிக்கு ஆயத்தமாகின்றனர் என்ற செய்தி கசிந்ததும், ஆட்சியாளர் சிமோனே என்பவனைப் பிடித்து அரண்மனையிலே சித்திரவதை செய்தனர். அவ்வேளையில் நிக்கொலோ என்னும் ஒருவன் அரண்மனை மணிக்கூட்டைச் சீர்செய்துகொண்டிருந்தான். நடப்பதை அறிந்தான், தன் குடியிருப்புக்கு ஓடினான், அயலவரையெல்லாம் கிளப்பிவிட்டான். சிறிது நேரத்துக்குள் ஆயிரத்துக்கு மேற்பட்டோர் ஆயுதங்களுடன் சாந்தோ ஸ்பிரித்தோச் சதுக்கத்திலே திரண்டனர். மக்கியாவெல்லி தமது புளோரன்ஸ் வரலாற்றிலே இதனை எழுதிவைத்துள்ளார். அவருக்குச் சியோம்பிகளிடம் எவ்வித அனுதாபமும் இருந்ததில்லை. ஆகவே அவர் தரும் இச்செய்தியை நாம் ஐயமின்றிக் கொள்ளலாம்.

அரண்மனைக்காக மணிக்கூடு திருத்தியவன், தன் தெருவுக்கு அலாரமாகினான்! ஜூலை 22ஆம் நாள் கம்பளி வாரும் தொழிலாளியான மிக்கேலே தி லாந்தோ நகரத்தின் அதியுயர் பதவியில் அமர்ந்தான். அதுவரை சங்கமற்றிருந்த உழைப்பாளருக்கு மூன்று புதிய சங்கங்கள் கிடைத்தன. ஆயினும் ஆகஸ்ட் முடியுமுன்னரே, அதே லாந்தோவின் துணையுடன் சியோம்பிகள் முறியடிக்கப்பட்டனர். அவர்களது சங்கம் கலைக்கப்பட்டது. எஞ்சிய இரண்டும் 1382இல் ஒழிந்தன. அதன்பின் நெடுங்காலம் சியோம்பி என்ற பெயரே செல்வர் வீடுகளிலே அச்சமூட்டும் சொல்லாய் நின்றது. கூவலின் பொருள் அச்சமாகப் பெயர்ந்தது யாருடைய உள்ளத்திலே என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

ஆனால் அச்சம் செல்வருக்கு மட்டும் உரியது என்று கூறிவிட்டால் அது பாதி உண்மையே ஆகும். உழைப்போரும் அஞ்சுவர், சிலவேளை அவ்வச்சமே அவர்களை எழச்செய்யும். பிரான்சிலே 1789 ஜூலை 20ஆம் நாளளவில் தொடங்கி ஆகஸ்ட் முதல் வாரம்வரை நாட்டின் பெரும்பகுதியைப் பற்றிக்கொண்ட பீதியைச் சரித்திராசிரியர் ‘பேரச்சம்’ என்பர். 1932இல் ஜோர்ஜ் லெபேவ்ர் இதுபற்றி எழுதிய நூல், கிராமம் கிராமமாக அப்பீதி நடந்த பாதையைத் தேடிக் கண்டது. முந்திய ஆண்டு விளைச்சல் பொய்த்திருந்தது. பாணின் விலை ஏறியிருந்தது. பிச்சையெடுப்போர் கூட்டங்கூட்டமாய் வீதிகளில் அலைந்தனர். பஸ்தீல் கோட்டை வீழ்ந்த செய்தி வந்ததும், பிரபுக்கள் பழிவாங்கக் கொள்ளையரை ஏவிவிட்டுள்ளனர், பச்சைப் பயிரை அழிக்க அவர்கள் வந்துகொண்டிருக்கின்றனர் என்ற வதந்தி எழுந்தது. ஒரு கோவிலின் அபாயமணி அடுத்த கோவிலின் மணியை எழுப்பியது. அரிவாளும் கவைக்கம்பும் தாங்கிக் குடியானவர் காவலுக்கு நின்றனர். கொள்ளையர் வரவில்லை. சம்பாஞ் பகுதியிலே பெருந்திரளானோர் ஆயுதங்களுடன் வேட்டையாடப் புறப்பட்ட கொள்ளைப் படை, ஈற்றில் ஒரு மாட்டு மந்தையாய் முடிந்தது.

இதைக்கொண்டு குடியானவரை ஏளனம் செய்தோர் அன்றும் இருந்தனர், இன்றும் உளர். அவர்கள் ஒன்றை மறந்துவிடுகின்றனர். கொள்ளையர் வரவில்லை என்றறிந்த பின்னரும் கையிலெடுத்த ஆயுதம் கையிலேயே இருந்தது. பக்கத்து ஊரவரும் கூடநின்றனர். டோஃபினே மாகாணத்திலே அவ்வாறு திரண்டவர்கள் நேரே பிரபுக்களின் மாளிகைகளை நோக்கி நடந்தனர். தம் பாட்டன் காலத்திலிருந்து தம்மைக் கட்டிவைத்திருந்த வரிப்பதிவேடுகளைத் தீயிலிட்டனர். எல்லா மாகாணங்களிலும் இப்படி நடந்ததென்பதற்கில்லை. பேரச்சத்திற்கு முன்னரே மாளிகைகள் எரிந்த இடங்களும் உண்டு. அச்சமும் எழுச்சியும் வெவ்வேறானவை என்பதை லெபேவ்ரே வற்புறுத்துகிறார். ஆயினும் இரண்டும் சேர்ந்து வேர்சாயில் கூடியிருந்த தேசிய சபையை உலுக்கின. ஆகஸ்ட் 4ஆம் நாள் இரவு, பிரபுக்களே எழுந்து தமது நிலமானிய உரிமைகளைத் துறப்பதாக முழங்கினர். கருணையால் அவர்கள் துறந்தனர் என்று பாடப்புத்தகங்கள் சில கூறும். மாளிகை எரியும் வெளிச்சத்திலே பிறந்த கருணை அது. அப்பொழுதும் பல வரிகளைப் பணங்கொடுத்தே குடியானவர் மீட்கவேண்டுமென விதித்தனர். நட்டஈடின்றி அவை முற்றாக ஒழிந்தது 1793 ஜூலையிலேதான்.

ஆங்கிலக் கால்வாயின் மறுகரையிலே இம்மணியோசை எவ்வாறு கேட்டது? 1792 ஜனவரியில் லண்டன் நகரிலே தோமஸ் ஹார்டி என்னும் சப்பாத்துத் தொழிலாளி, நாவலாசிரியரல்லர், தம் நண்பர் சிலருடன் ஒரு மதுச்சாலையிலே கூடி ‘லண்டன் தொடர்புச் சங்கம்’ என்பதனைத் தொடக்கினார். அம்மதுச்சாலையின் பெயர் ‘மணி’ என்பது தற்செயலே. வாரம் ஒரு பென்னி சந்தா. சகலருக்கும் வாக்குரிமை என்பது கோரிக்கை. தோமஸ் பெயினின் ‘மனித உரிமைகள்’ கைக்குக் கை மாறிக்கொண்டிருந்தது. மே மாதத்திலே அரசன் இராஜத்துரோக எழுத்துக்களுக்கு எதிராகப் பிரகடனம் செய்தான். நவம்பரிலே ஜோன் ரீவ்ஸ் என்பவர் குடியரசுவாதிகளிடமிருந்தும் சமத்துவவாதிகளிடமிருந்தும் சொத்தைக் காப்பதற்கெனச் சங்கமொன்றை நிறுவினார். டிசம்பரிலே உள்நாட்டுப் படை திரட்டப்பட்டது. நாட்டிலில்லாத பெயின் குற்றவாளியெனத் தீர்ப்பளிக்கப்பட்டார். படையெடுப்பு எதுவும் நிகழவில்லை. சப்பாத்துத் தைப்போர் வாசிக்கத் தொடங்கியிருந்தனர், அவ்வளவே நிகழ்ந்தது.

இந்நாட்களிலேதான், 1793ஆம் ஆண்டளவில், ‘அலாரமிஸ்ட்’ என்னும் புதுச்சொல் ஆங்கிலத்திலே வழங்கலாயிற்று. வீண் பீதி கிளப்புவோன் என்பது பொருள். அது முதலிற் சுட்டியது யாரை என்பதே சுவையான செய்தி. இன்று போராடுவோரையும் ஆபத்தை முன்கூட்டி உரைப்போரையும் இகழ இச்சொல் பயன்படுகிறது. அன்றோ, புரட்சி வந்துவிட்டதென அலறி அரசாங்கத்துடன் சேர்ந்துகொண்ட எட்மண்ட் பேர்க் போன்ற கனவான்களை நோக்கி, சீர்திருத்தம் வேண்டியோர் எறிந்த சொல் அது. வீண் பீதி என்றாலும் அதன் விளைவு வீணாகவில்லை. 1794 மே மாதத்தில் ஆட்கொணர்வு உரிமை இடைநிறுத்தப்பட்டது. விசாரணையின்றிச் சிறையிடலாம் என்றாயிற்று. ஹார்டி இராஜத்துரோகக் குற்றச்சாட்டில் நிறுத்தப்பட்டு, அவ்வாண்டு நவம்பரில் நடுவர் குழுவினால் விடுவிக்கப்பட்டார். அடுத்த ஆண்டே ஐம்பதின்மருக்கு மேற்படக் கூடும் கூட்டங்களைக் கட்டுப்படுத்தும் சட்டம் வந்தது. ஆளுவோர் அஞ்சுகின்றனர் என்றால் அவ்வச்சத்துக்கான விலையை ஆளப்படுவோரே செலுத்தவேண்டும் என்பதற்கு எத்தனையோ நாடுகளில் நாம் பின்னர் கண்ட அவசரகாலச் சட்டங்கள் சாட்சி.

இனி மணிக்கூட்டுக்கு வருவோம். உரிய நேரத்தில் துறவியைத் தொழுகைக்கு எழுப்பும் பொறி மடங்களிலே முன்பே இருந்தது. அது தொழிலாளியின் படுக்கையருகே வந்ததற்குக் காரணம் ஆலை. ஆலைச்சங்கு ஊதுமுன் வாயிலில் நிற்காதவனுக்குக் கூலி வெட்டு. மணிக்கூடு வாங்கவோ அவனிடம் பணமில்லை. எனவே இங்கிலாந்தின் ஆலை நகரங்களிலே விசித்திரமான ஒரு தொழில் தோன்றியது. நீண்ட கழியொன்றைத் தாங்கி இருட்டிலே தெருத்தெருவாய் நடந்து, மாடிச் சாளரங்களைத் தட்டி உழைப்பாளரை எழுப்புவதே அத்தொழில். வாரத்துக்குச் சில பென்ஸ் கூலி. முதியோரும் பெண்களுமே பெரும்பாலும் இதனைச் செய்தனர். இருபதாம் நூற்றாண்டிலும் இது நிலவியது. 1847இல் பிரான்சிலும் 1876இல் அமெரிக்காவிலும் அலாரம் மணிக்கூட்டுக்குக் காப்புரிமை பெறப்பட்டபின், மலிவான மணிக்கூடு படிப்படியாய் அவர்களின் பிழைப்பைப் பறித்தது.

நேரத்தை அறிதலே ஒருகாலத்திற் குற்றமாயிருந்தது என்பதையும் இங்கே கூறவேண்டும். இ. பி. தொம்சன் 1967இல் எழுதிய கட்டுரையொன்று, ஸ்கொத்லாந்தின் டண்டி நகர ஆலைச் சிறுவன் ஒருவனின் வாக்குமூலத்தை எடுத்துக்காட்டுகிறது. முதலாளிகள் காலையிலே ஆலை மணிக்கூட்டை முன்னே தள்ளிவைத்தனர். மாலையிலே பின்னே தள்ளினர். தொழிலாளர் கைக்கடிகாரம் கொண்டுவர அஞ்சினர். மணிக்கூட்டுச் சாத்திரம் அதிகம் அறிந்தவனுக்கு வேலை போய்விடும்!

நமது மலைநாட்டுத் தோட்டங்களிலே இதனையொத்த ஒன்று நடந்தமை வாசகர் அறிந்ததே. விடியுமுன் லயங்களை எழுப்பிய தப்பொலி, தொழிலாளரைப் பிரட்டுக்களத்துக்கு அழைத்தது. ‘பிரட்டு’ என்பது படைவீரரின் அணிவகுப்பைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் திரிபு. பாசறையிலிருந்து புறப்பட்ட ‘அலாரம்’ ஆலைத்தெருவுக்குச் சென்றதுபோல, அதன் கூடப்பிறந்த இன்னொரு சொல் தேயிலைமலைக்கு வந்து சேர்ந்தது.

உழைப்பாளரை எழுப்புவதற்கு இத்தனை ஓசைகளைக் கண்டுபிடித்தவர்கள், அவர்களைக் காப்பதற்கு எத்தனை கண்டுபிடித்தார்கள்? நியூயோர்க் நகரிலே ‘டிரையாங்கிள்’ உடுப்புத் தொழிற்சாலை ஒரு கட்டடத்தின் 8ஆம், 9ஆம், 10ஆம் மாடிகளில் இயங்கியது. 1911 மார்ச் 25ஆம் நாள் மாலை எட்டாம் மாடியிலே தீ மூண்டது. அங்கிருந்து பத்தாம் மாடிக்குத் தொலைபேசியிலே செய்தி சென்றது. பத்தாம் மாடியில் இருந்தவை முதலாளிகளின் காரியாலயங்கள். அவர்கள் கூரைவழியே தப்பினர். இடையே ஒன்பதாம் மாடியிலே தையற்பொறிகளின் முன்னே நிறைந்திருந்த பெண்களுக்கு எவரும் அறிவிக்கவில்லை. அபாயமணி அக்கட்டடத்தில் இருக்கவில்லை. தீயே வந்து தீயை அறிவித்தது. படிக்கட்டின் கதவொன்றோ, துணி திருடிவிடுவரென்ற ஐயத்தாற் பூட்டப்பட்டிருந்தது. 146 பேர் மாண்டனர். அவருள் 123 பேர் பெண்களும் சிறுமியருமாவர். முதலாளிகள் இருவரையும் அவ்வாண்டு டிசம்பரிலே நீதிமன்றம் விடுவித்தது.

நூறு ஆண்டுகள் கழிந்தன. 2013 ஏப்ரல் 23ஆம் நாள் வங்காளதேசத்தின் சாவார் நகரில், ‘ராணா பிளாசா’ என்னும் எட்டு மாடிக் கட்டடத்தின் சுவரிலே வெடிப்புக்கள் தோன்றின. இம்முறை எச்சரிக்கை கிடைக்காமலில்லை; கட்டடத்தை விட்டு எல்லோரும் அன்று வெளியேற்றப்பட்டனர். மறுநாட் காலையிலே கீழ்த்தளத்து வங்கி திறக்கப்படவில்லை, கடைகளும் திறக்கப்படவில்லை. மேல்மாடிகளின் உடுப்புத் தொழிற்சாலைகளுக்கு மட்டும் தொழிலாளர் வரவேண்டும் என்றனர். வராவிடின் மாதச் சம்பளம் கிடையாதென்று சிலருக்கு மிரட்டல். வாயிலில் நின்று தயங்கியவர்களும் ஈற்றில் ஏறிச்சென்றனர். ஒன்பது மணிக்குச் சற்று முன்னர் கட்டடம் சரிந்தது. 1,134 பேர் இறந்தனர்.

அடுத்த மாதமே தொழிற்சங்கங்களும் உடுப்பு வாங்கும் பன்னாட்டுக் கம்பனிகளும் சட்டவலுவுள்ள ஓர் உடன்படிக்கையிற் கைச்சாத்திட்டன. கட்டடங்களைப் பரிசோதித்தல், தீயறிவிப்பு மணிகளைப் பொருத்துதல், பூட்டிய கதவுகளை நீக்குதல் என்பன அதன் வேலைகளாயின. அவற்றுடன் இன்னொரு விதியும் அதிலே எழுதப்பட்டது: ஆபத்தானதென்று தொழிலாளி நியாயமாகக் கருதும் கட்டடத்தினுள்ளே, கூலி இழக்காமல், நுழைய மறுக்கும் உரிமை.